லாமலேரா: கொன்றதைக் கொடை என்பது எப்படி?

லாமலேரா, இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தில், லெம்பாத்தா தீவின் தென்கரையில் உள்ள சிறு கிராமம். எதிரே சவு கடல். முதுகுப் பக்கம் லாபாலெகாங் எரிமலையின் கற்சரிவு. அந்தச் சரிவில் பயிர் வைத்துப் பிழைக்க வழியில்லை. அதனால் ஊர் தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பியே இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பெர்ம் திமிங்கிலத்தை. லாமாஹோலோட் மொழியில் அதற்குக் கொத்தெக்லெமா என்று பெயர். வளர்ந்த ஆண் 16 மீட்டர் வரை இருக்கும். அதைத் துரத்திப் போகும் ‘தெனா’ பாய்மரப் படகு அதைவிடச் சிறியது. அதன் பலகைகளை இணைப்பதற்கு மர முளைகளும் கயிறும்தான், இரும்பாணி கிடையாது. அணியத்துக்கு வெளியே நீளும் மூங்கில் மேடையில் நிற்பவர் லமாஃபா. அவர் ஈட்டியை வீசிவிட்டு நின்றுவிடுவதில்லை. ஈட்டியோடு தாமும் பாய்ந்து, தம் உடல் எடை முழுவதையும் திமிங்கிலத்தின் முதுகில் இறக்குகிறார். பிறகு கடலில் விழுந்து நீந்திப் படகுக்குத் திரும்ப வேண்டும். படகோடு அடித்துச் செல்லப்பட்டவர்கள், வால் அடியில் செத்தவர்கள் பல குலங்களில் உண்டு.

இப்படிப் பிடித்ததை இந்தக் கத்தோலிக்க ஊர் வேட்டைப் பொருளாக நினைப்பதில்லை, அனுப்பி வைக்கப்பட்டதாகவே நினைக்கிறது. உயிரைப் பணயம் வைத்து, இன்னோர் உயிரைக் கொன்று எடுத்ததைக் கொடை என்று எப்படிச் சொல்ல முடியும்? கொடை என்றால் கொடுத்தவர் யார்?

இரண்டாவது கேள்விக்கு இங்கே ஒரே பதில் இல்லை. சோலோர், ஃப்ளோரஸ் தீவுகளுக்குக் கத்தோலிக்கம் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசிய தொமினிக்கன் துறவிகளோடு வந்தது. 1859 உடன்படிக்கையில் இப்பகுதி டச்சுக்காரர் கைக்குப் போனது. லாமலேராவில் முதல் திருமுழுக்குகள் நடந்தது 1886-இல், யேசு சபையினர் காலத்தில். 1920-இல் வந்த ஜெர்மானியக் குரு பெர்ன்ஹார்ட் போடேயின் காலத்தில்தான் ஊர் முழுமையாகக் கிறிஸ்தவமானது. அதற்கு முன்பே லாமாஹோலோட் மக்களுக்கு லேரா வுலான் தானா எகான் என்று சூரியன், சந்திரன், பூமி ஆகியவற்றின் பெயரால் அழைக்கப்படும் பரம்பொருள் உண்டு, முன்னோரும் உண்டு. பழைய சடங்குகளில் பலவற்றை மறைபரப்பாளர்கள் நிறுத்தினார்கள். ஆனால் முன்னோர் போகவில்லை.

ஏப்ரல் கடைசியில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். மே முதல் அக்டோபர் வரையான பருவத்துக்கு லெவா என்று பெயர். அது தொடங்குமுன், கடற்கரைக் குலங்கள் வந்து குடியேறுவதற்கு முன்பே அங்கிருந்த ‘நிலத்தின் எசமானர்கள்’ மலையில் சடங்கு செய்கிறார்கள். திமிங்கில வடிவக் கல் ஒன்று அங்கே இருக்கிறது. அங்கிருந்து புனித இடங்களில் நின்று நின்று இறங்கி வந்து, திமிங்கிலங்களைக் கடலுக்கு அழைக்கிறார்கள். அதன்பின் கடற்கரைச் சிற்றாலயத்தின் முன், கடலில் இறந்தவர்களுக்கான திருப்பலி. மணலில் மெழுகுதிரிகள் வரிசையாக எரிய, திரிகள் ஏற்றிய சின்னப் படகு ஒன்று அலையில் விடப்படுகிறது. உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைச் சொல்லி வீட்டார் அழுகிறார்கள். மறுநாள், மே 1, பருவத் திருப்பலி. குருவானவர் படகு ஒவ்வொன்றுக்கும் தீர்த்தம் தெளிக்கிறார்.

அழைப்பது நிலத்தின் எசமானர்கள், ஆசீர்வதிப்பது திருச்சபை. இதை அரைகுறைக் கிறிஸ்தவம் என்று ஒதுக்குவது சரியான வாசிப்பு அல்ல. இரு சடங்குகளுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: கடலில் இருப்பது மனிதனுக்குச் சொந்தமானதல்ல; கேட்டுத்தான் பெற வேண்டும்.

கேட்பவனுக்கு நிபந்தனையும் உண்டு. வேட்டை தவறினாலோ, படகு உடைந்தாலோ, ஆள் மடிந்தாலோ லாமலேராவில் முதலில் தேடுவது கரையில் நடந்த தவற்றைத்தான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றிருக்கிறதா, பங்கு பிரித்ததில் யாரையாவது ஏமாற்றியதுண்டா, லமாஃபாவின் வீட்டில் சண்டை நடந்ததா என்று விசாரிப்பார்கள். பிணக்கு தீர்ந்த பிறகே படகு இறங்கும். துன்பத்தைக் கண்டதும் பாவத்தைத் தேடும் இந்த மனநிலையை யோபுவின் நண்பர்களிடம் விவிலியமே கண்டிக்கிறது. அந்தக் கண்டனம் இங்கும் பொருந்தும். கணவனைக் கடலில் இழந்தவள்மேல் பழியையும் சேர்த்துச் சுமத்துவது கொடுமை. ஆனால் நம்பிக்கையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே கயிற்றில் உயிரை ஒப்படைக்கும் தொழிலில், கரையின் பகையைக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற விதி சமாதானத்தை வழிபாட்டின் பகுதியாகவே ஆக்கிவிடுகிறது.

கொடை என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைப்பது கரையில், திமிங்கிலத்தை அறுக்கும்போது. பெரிய உடலை அலை ஒதுக்கியதும் கத்திகள் வருகின்றன. எந்தப் பகுதி யாருக்கு என்பது பிடிக்கும் முன்பே தீர்மானமானது. படகுச் சங்கத்தின் பங்காளிகள், லமாஃபா, துடுப்புக்காரர், படகு கட்டிய தச்சர், ஈட்டி முனை அடித்த கொல்லர், பாய் பின்னியவர் என்று ஒவ்வொருவருக்கும் உரிமைப் பகுதி உண்டு. நிலத்தின் எசமானர்களுக்கும் தலையில் பங்கு உண்டு; அழைத்தவர்கள் அவர்கள்தானே. பங்கு வீட்டுக்கு வந்த பிறகும் நிற்பதில்லை. உறவுக்கும் அண்டை வீட்டுக்கும் கைமாறிக்கொண்டே போகிறது. விதவைகளும் அநாதைகளும் இதில் முதலில் நினைக்கப்படுபவர்கள். அவர்களை விட்டுவிட்டால் கடல் மூடிக்கொள்ளும் என்பது ஊரின் உறுதி.

பிறகு பெண்களின் முறை. உலர்த்திய இறைச்சியைத் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு மலைக்கிராமங்களுக்கும் வுலாந்தோனி வாரச்சந்தைக்கும் நடக்கிறார்கள். சோளம், வாழை, மரவள்ளி வாங்கி வருகிறார்கள். வுலாந்தோனியில் பண்டமாற்று இன்றும் உயிரோடு இருக்கிறது. கடலின் கொடை இப்படி மலையின் சோற்றுத் தட்டு வரை போய்ச் சேர்கிறது.

மானிடவியலாளர்கள் மைக்கேல் ஆல்வார்டும் டேவிட் நோலினும் இந்த ஊரை ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள்: தனியாக மீன் பிடிப்பதைவிடச் சேர்ந்து திமிங்கிலம் வேட்டையாடுவதில் ஆளுக்குக் கிடைக்கும் உணவு அதிகம், ஆனால் அதற்கு ஒருவர் மற்றவரை நம்பியாக வேண்டும். கணக்கு சரியானதே. ஆனாலும் நம்பிக்கையைக் கணக்கு உண்டாக்குவதில்லை. அதை உண்டாக்குவது பங்கு விதியும், அந்த விதியைத் தெய்வத்தின் முன் வைத்திருப்பதும்தான். ‘என்னுடையதல்ல’ என்று நம்புகிறவனால்தான் எடுத்ததைக் கொடுக்க முடிகிறது. இங்கே கொடை என்பது திமிங்கிலம் வந்துசேர்ந்த விதத்துக்கான பெயரைவிட, அதைக் கையாள வேண்டிய விதத்துக்கான பெயர்.

கொல்லப்படும் உயிரின் பக்கம் என்ன நியாயம்? ஸ்பெர்ம் திமிங்கிலம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. பெண்கள் குட்டிகளோடு குடும்பமாகத் திரியும். நான்கு முதல் ஆறு ஆண்டுக்கு ஒரு குட்டிதான். இந்த மறுப்பைச் சமாளிப்பது எளிதல்ல. திமிங்கிலம் வலியறியாது என்று லாமலேரா சொல்லவும் இல்லை. வேட்டைக்கு வரம்பு இருக்கிறது: நீலத் திமிங்கிலத்தைத் தொடுவதில்லை, முன்னோரைக் கடலில் காப்பாற்றியது அது என்று நம்புவதால். நன்றிக்கடன் மிருகத்தின் மேலும் உண்டு என்ற எண்ணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் ஸ்பெர்ம் திமிங்கிலங்களின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தவை தொழில்முறைத் திமிங்கிலக் கப்பல்கள். கையீட்டியால் பிடித்துத் தின்னும் ஊரையும் அவற்றையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். 2009-இல் இந்தோனேசிய அரசு சவு கடலில் பாதுகாப்புப் பகுதி அறிவித்தபோது லாமலேரா எதிர்த்து நின்றது. லெம்பாத்தாக் கடற்பகுதி அதில் சேர்க்கப்படவில்லை.

இன்றைய நெருக்கடி வேறு திசையிலிருந்து வருகிறது. வெளிப்புற மோட்டார் பொருத்திய சிறு படகுகளை, ஒரு பழைய மோட்டார் நிறுவனத்தின் பெயரால் ‘ஜோன்சன்’ என்கிறார்கள். அவை தெனாவைத் திமிங்கிலம் வரை இழுத்துச் செல்லலாம். கடைசித் தூரத்தைத் துடுப்பில்தான் கடக்க வேண்டும் என்று மூத்தோர் எல்லை வகுத்தார்கள். மிதவை வலைகள் வந்த பின் இரவில் போய்வரும் சிறு குழுவே மீன் கொண்டுவரும். அந்த மீனுக்குப் பழைய பங்கு விதி முழுமையாகப் பொருந்தாது. வலை வாங்கியவர் வீட்டுக்கு அது போகிறது, சிலபோது நேராகக் காசாகிறது. இப்படி வருவதில் விதவையின் பங்கு எது, நிலத்தின் எசமானருக்கு உரியது எது என்று ஊர்க்கூட்டங்களில் வாதிடுகிறார்கள். மே 1-இல் தீர்த்தம் இரண்டு வகைப் படகின் மேலும் விழுகிறது.