பெயரைப் பறிப்பது

யார் கிறிஸ்தவர் என்ற கேள்விக்கு 1872ம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. கிறிஸ்தவ சமயத்தைத் தம்முடையதென்று சொல்லிக்கொள்பவர் கிறிஸ்தவர். தர்க்கம் பயின்றவர்கள் இந்த வரையறையைக் கேலி செய்யலாம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது அது. ஆனால் சபைகள் பெரும்பாலும் செய்யத் தயங்கிய ஒரு காரியத்தை அது செய்துவிடுகிறது. சொல்பவனுடைய சொல்லை நம்புகிறது.

நான் இருக்கும் கடையநல்லூர் முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஊர். இந்தப் பக்கத்துப் பேச்சில் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ‘வேதக்காரர்’தான். ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தகொஸ்தே என்ற பேதங்கள் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் புலப்படுவதில்லை. உள்ளே போனால் விஷயம் வேறு. குழந்தையாக இருக்கையில் தலையில் தண்ணீர் தெளித்ததை ஞானஸ்நானமாகவே பெந்தகொஸ்தேக்காரர் ஒப்புவதில்லை. திரித்துவத்தை மறுக்கும் யெகோவா சாட்சிகளை மற்ற சபைகள் கிறிஸ்தவர் என்று ஏற்பதில்லை. சாட்சிகளோ அந்தச் சபைகள்தாம் வழி தவறியவை என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீஷர்களுக்குக் கிறிஸ்தவர் என்ற பெயர் முதலில் அந்தியோகியாவில் வழங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பிறர் இட்ட பெயர்தான் அது என்பது பலருடைய கருத்து. பிறர் கொடுத்த பெயருக்கு உள்ளே இருப்பவர்கள் பட்டா கேட்டு வழக்காடுகிறார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் இந்த வழக்கு பழையது. கால்டுவெல் 1849ல் சாணார்களைப் பற்றி எழுதிய நூல் அச்சமூகத்துக் கிறிஸ்தவர்களில் படித்தவர்களைப் புண்படுத்தியது. அவர்களில் ஒருவரான அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, 1857ல் நாசரேத் வட்டாரத்து மிஷனிலிருந்து ஒரு கூட்டத்தாரோடு பிரிந்து ‘இந்து கிறிஸ்தவ’ சபையைக் கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள், வெள்ளைக்காரப் பாதிரி கிடையாது. மிஷன் அவர்களைப் பிரிந்துபோனவர்கள் என்றது. அவர்களோ ஐரோப்பியச் சபைதான் வேதத்தைவிட்டு விலகியது என்றார்கள். விலக்கப்பட்டவன் கையிலும் அதே அளவுகோல்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் இந்த வழக்கில் நம் நவீனத்துவர்களின் குருவே வந்து கலந்துகொண்டார். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆகும் திட்டம் 1919ல் தரங்கம்பாடியில் முளைத்தது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த பிஷப் அசரியா. திட்டம் கனிந்துவந்த 1943ல் டி. எஸ். எலியட் அதை எதிர்த்து ஒரு சிறு பிரசுரம் எழுதினார். தலைப்பைத் தமிழாக்கினால் ‘அழிவின் மூலம் இணைப்பு’ என்று வரும். பிஷப்பின் கை தலையில் படாமல் குருவானவர்களையும் மறு அபிஷேகமின்றிக் குருக்களாக ஏற்பதா என்பது விவாதத்தின் மையம். உடன்பாடில்லாத இடங்களில் இருபொருள் தரும் வாசகங்களை வைத்து மூடுகிறார்கள் என்பது எலியட்டின் புகார்களில் ஒன்று. எலியட் பிறந்ததோ திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் குடும்பத்தில். ஞானஸ்நானம் பெற்றது 1927ல், முப்பத்தெட்டு வயதில்.

எலியட் சொன்னதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். எல்லாவற்றையும் உள்ளே விடும் சொல் எதையும் சொல்வதில்லை. ஒரு நம்பிக்கைக்கு உருவம் வேண்டும். உருவத்துக்கு எல்லை வேண்டும். ஆனால் 1947 செப்டம்பர் 27ந்தேதி சென்னையில் சபைகள் இணைந்தன. புதிய சபையில் அபிஷேகம் பெற்றவர்களின் நிலை என்ன என்பதில் 1948ல் லாம்பெத்தில் கூடிய பிஷப்புகள் ஒருமனப்படவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவைகள் அவர்களுடைய அபிஷேகம் செல்லும் என்று ஏற்றது 1955ல். இடைப்பட்ட எட்டு வருஷமும் திருநெல்வேலியில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானமும் இறந்தவர்களுக்கு அடக்க ஆராதனையும் நடந்துகொண்டுதான் இருந்தன. லண்டனில் நடந்த விவாதத்தில் இவர்களில் யாரும் கட்சிக்காரர் அல்ல.

‘நீ சொல்வது தவறு’ என்பது ஒரு வாக்கியம். ‘நீ கிறிஸ்தவனே அல்ல’ என்பது இன்னொன்று. முதலாவது எதிராளியைப் பேச்சில் வைத்துக்கொள்கிறது. அவன் பதில் சொல்லலாம். இரண்டாவது பேச்சை முடித்துவிடுகிறது. அவன் என்ன பதில் சொன்னாலும் அது வெளியாளின் பேச்சு. அதைச் சொல்கிறவன் இழப்பது ஒன்றுமில்லை. கேட்கிறவனோ திருமணத்தை இழக்கலாம், கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடத்தை இழக்கலாம்.

இந்த இரண்டாவது வாக்கியம் அரசின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு சமயத்திலிருந்து உதாரணம் உண்டு. பாகிஸ்தானில் 1953 கலவரங்களை விசாரித்த முனீர் கமிஷன், முஸ்லிம் என்பவர் யார் என்று உலமாக்களைக் கேட்டது. இருவர் பதில்கூட ஒத்துப்போகவில்லை என்று 1954ல் எழுதியது. இருபது வருஷம் கழித்து, 1974ல், அதே நாடு அகமதியாக்கள் முஸ்லிம்கள் அல்ல என்று அரசியல் சட்டத்தைத் திருத்தியது. வரையறை கிடைக்கவில்லை, விலக்கு மட்டும் கிடைத்தது. இதற்கு மாறாக, கேரளத்தில் தேசிய கீதம் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட யெகோவா சாட்சிக் குழந்தைகளின் வழக்கில் 1986ல் நம் உச்சநீதிமன்றம், நம்பிக்கை சரியா என்று பார்க்காமல் அது மனப்பூர்வமானதா என்று மட்டும் பார்த்தது. குழந்தைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

ஆகவே எல்லைகள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. தன் எல்லையை ஒருவன் தனக்காக வகுத்துக்கொள்ளட்டும், அதற்கான விலையையும் அவனே கொடுக்கட்டும் என்பதுதான். எலியட் தன் சபைக்குள் எதை நம்பலாம் என்று கேட்டவரை அது நேர்மையான கேள்வி. வெள்ளாளன்விளைக்காரன் கணக்கில் சேருவானா என்று அது திரும்பும்போது வேறாகிவிடுகிறது. இரண்டும் ஒரே பிரசுரத்துக்குள் இருக்கின்றன, சில சமயம் ஒரே பக்கத்தில்.

நம் சிறு வட்டத்துக்கும் இது அந்நியமல்ல. ‘இது மோசமான கவிதை’ என்று எழுதுவது விமர்சனம். அதற்குக் காரணம் காட்ட வேண்டும். ‘இது கவிதையே அல்ல’ என்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. புதுக்கவிதைக்காரர்களை மரபுப் பண்டிதர்கள் இப்படித்தான் வெளியே நிறுத்தினார்கள். இன்று அந்த வாக்கியத்தை நாம் யாருக்கு எதிராக வைத்திருக்கிறோம் என்று பார்ப்பது நல்லது.