ஏறக்குறைய

என் தாம்பரம் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1960-களில் பக்கத்துப் பெருங்களத்தூரில் பிறந்தது. அதன் நட்டுகள் அங்குலக் கணக்கு. நானோ மலிவென்று மில்லிமீட்டர் சாக்கெட் பெட்டி வாங்கினேன். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 ஏறக்குறையப் பொருந்தியது. ராட்செட்டை அழுத்தினேன். நட்டின் முனைகள் ஆறும் மழுங்கின.

"முன்பு பார்த்தவர் கெடுத்துவிட்டார்" என்று புது மெக்கானிக்கிடம் சொன்னேன். அவரும் நம்பினார். முன்னவர் வண்டியைத் தொட்டது மெய். நட்டைக் கெடுத்தது நான்.

சிறிய சாக்கெட் நட்டின்மேல் ஏறவே ஏறாது, கேடுமில்லை. ஏறக்குறையப் பொருந்துவதுதான் கெடுக்கிறது. பொய்யும் அப்படித்தானே? முழுப் பொய்யை யார் நம்புவார்? மெய்யை ஒட்டி நிற்கும் பொய்யே ஒரு மனிதனின் பெயரை மழுங்கடிக்கிறது.

அங்குலப் பெட்டி வாங்கிவிட்டேன். அந்தப் பழைய மெக்கானிக்கின் பட்டறைப் பக்கம் போகத்தான் இன்னும் கால் வரவில்லை.