கிழித்து எடுத்துப் போங்கள்

அமெரிக்காவின் எட்மண்ட்ஸ் என்ற சிற்றூரில் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் ரிக் ஸ்டீவ்ஸ். கோடை வந்தால் போதும், ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் தொகுத்து, 1980-இல் சொந்தமாகவே ஒரு புத்தகம் போட்டார்: ‘யூரோப் த்ரூ த பேக் டோர்’.

அவர் சொல்லும் ஒரு யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். வழிகாட்டிப் புத்தகத்தை முழுசாகச் சுமக்காதீர்கள். போகிற ஊருக்கான பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள். தாம் எழுதிய புத்தகத்தையே! (பென்சில் கோடு விழுந்தாலே பதறுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.) பெட்டியும் ஒன்றே போதும் என்பார், விமானத்தில் கையோடு கொண்டுபோகிற அளவில். பாஸ்போர்ட்டும் பணமும் சட்டைக்குள் இடுப்போடு கட்டிய பையில்.

இத்தனைக்கும் அவரே சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போகும் தொழில் நடத்துகிறவர். ஆனாலும் தனியாகப் போக நினைப்பவரிடம் எந்த நுணுக்கத்தையும் ஒளிப்பதில்லை. அவர் தரும் நம்பிக்கையில்தான் பலர் முதல் டிக்கெட்டை எடுக்கிறார்கள்.

முதல் நாள், மொழி தெரியாத ரயில் நிலையத்தில் அந்தக் கிழிந்த தாள்களை இறுகப் பிடித்துக்கொண்டுதான் நிற்போம். மூன்றாம் நாள் அவை சட்டைப்பையிலேயே கிடக்கும்.