தேர்வறைக் களவும் பள்ளியின் பொறுப்பும்

2024 மே 5 அன்று நடைபெற்ற நீட் எனும் மருத்துவ நுழைவுத் தேர்வின் வினாத்தாள் ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. கசிவு நாடு முழுவதும் பரவியதற்குச் சான்றில்லை எனத் தேர்வு ரத்தாகாமல் தப்பினாலும், 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய அத்தேர்வின் மீதிருந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. தேர்வு முறைகேடு என்பது பிட் அடிப்பது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவது, ஆள்மாறாட்டம் செய்வது, வினாத்தாளை விலைக்கு வாங்குவது ஆகிய அனைத்தையும் குறிக்கும். இவற்றில் மாணவரின் குற்றம் உண்டெனினும், அவரை அதற்குப் பழக்கிய பெரியவர்களின் குற்றமே பெரிது.

பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ள நினைப்பதே தீது என்பது 'கள்ளாமை' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. போட்டித் தேர்வில் களவால் பெறும் இடமும் கண்விழித்துப் படித்த வேறொருவரின் பொருளே. பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்று 'வினைத்தூய்மை' விதிப்பதால், வறுமையோ பெற்றோரின் ஆசையோ இதற்குச் சாக்காக முடியாது. பவணந்தி முனிவரின் நன்னூலோ மாணாக்கரின் இலக்கணத்துக்கு முன்பே ஆசிரியரின் இலக்கணத்தை வைத்து, அவாவும் வஞ்சமும் உடையோர் ஆசிரியராகத் தகார் என்றும் விலக்குகிறது. இந்த வரிசையிலேயே பொறுப்பு யாரிடம் தொடங்குகிறது என்பது விளங்கும்.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள் பல, பதினோராம் வகுப்புப் பாடத்தைப் புறக்கணித்து இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்வித்து வந்தன. இதைத் தடுக்க 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. மாநில அளவில் முதலிடம் யாருக்கு என அறிவிக்கும் வழக்கமும் 2017இலேயே கைவிடப்பட்டது. ஆயினும் நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பதாகை பள்ளி வாயிலை விட்டு இறங்கவில்லை. ஒரு வகுப்பையே ஏமாற்றிக் கடந்த பள்ளியில் பயின்ற பிள்ளை, சட்டைக் கைமடிப்பில் பிட்டைச் சுருட்டி வைப்பதையும் அடிஸ்கேலின் பின்புறம் பென்சிலால் சூத்திரம் எழுதுவதையும் அந்தப் பாடத்தின் தொடர்ச்சியாகவே கற்கிறது. பறக்கும் படை கைமடிப்பைச் சோதிக்கிறது. பதாகையை எவரும் சோதிப்பதில்லை.

தண்டனையே கூடாதென்று இங்கே வாதிடவில்லை; நேர்மையாக எழுதியோருக்கு நீதி வேண்டும். ஆனால் 2024 ஜூன் 21இல் நடைமுறைக்கு வந்த பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டமே, வினாத்தாளைக் கசியவிடுவோருக்கும் உடந்தையாவோருக்கும் மூன்று முதல் ஐந்தாண்டுச் சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதித்து, தேர்வெழுதுவோரைத் தேர்வு அமைப்பின் விதிகளுக்கு விட்டுவிட்டது. இப்பாகுபாடு அறத்துக்கு உகந்தது. ஒன்றிய அரசு அமைப்புகள் நடத்தும் ஆட்சேர்ப்பு, நுழைவுத் தேர்வுகளோடு அச்சட்டம் நின்றுவிடுவதால், பள்ளித் தேர்வறைக்கு அது எட்டவில்லை.

ஆகவே பிட்டுடன் பிடிபட்ட மாணவரைத் தேர்வெழுதவிடாமல் தடுக்கும் கல்வித்துறை, விடை சொல்லிக்கொடுத்த கண்காணிப்பாளர் மீதும், தேர்ச்சி விகிதத்துக்காக அதைச் சொல்லவைத்த நிர்வாகத்தின் மீதும் அதனினும் கடுமையான நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.