காரணமறியாத நோயும் பேணுவார் கடனும்

தன்பால் அடைக்கலமாக இருக்கும் ஓர் உயிர் நோயுற்று, அந்நோயின் காரணம் இன்னதென்று அறியவாராதாயின், அதனைப் பேணுவான் செயற்பாலது யாது? 'வினைப்பயன் விளைகின்றது; இடைநின்று தடுப்பார் யார்?' என்று வாளா இருத்தல் தக்கதா? அன்றி, 'காரணம் அறியாதவிடத்துச் செய்வதெல்லாம் இருட்டில் எறிந்த கல்' என்று கைவிடுதல் தக்கதா? நம்மவருட் சிலர் இவ்விரண்டனுள் ஒன்றை மேற்கொண்டொழுகுதலைக் காண்கின்றோமாதலின், இவ்வினாவை ஒரு சிறு பறவையின்மேல் வைத்து ஆராய்வாம்.

இந்நாளில் இல்லங்கள் பலவற்றில் வளர்க்கப்படும் பறவைகளுள் ஒன்று 'பட்ஜி' எனப்படும் சிறு கிளி. நம் நாட்டுக் கடைகளில் இதனை 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பர். ஆத்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிற் புல்விதைகளை உண்டு பெருங்கூட்டமாகத் திரிவது இதன் இயல்பு. ஜான் கூல்ட் என்னும் பறவைநூலார் 1840-ஆம் ஆண்டில் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்திற்குக் கொணர்ந்தபின், இது கூண்டுப் பறவையாக உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்து வளர்த்தல் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டது. இவ்வயல்நாட்டுப் பறவை அவ்விலக்கினுட் படாமையின் பலர் இதனை வளர்க்கின்றனர். இதன் நிறை 30 முதல் 40 கிராம் வரையே. எனினும், 84 நூறாயிரம் பிறவி வகையுட் பறவைக்கு 10 நூறாயிரம் வகுத்த நம் ஆன்றோர் கொள்கைப்படி, அச்சிற்றுடம்பினுள் நின்று வருந்துவதும் நம்மையொத்த ஓர் ஆன்மாவேயாம்.

இப்பறவை நோயுற்றால் அதனை உடனே அறிதல் அரிது. மெலிவு காட்டும் சிற்றுயிர் பருந்து முதலியவற்றிற்கு எளிதில் இரையாமாதலின், நோயை மறைத்தல் இதற்கு இயற்கையாயிற்று. இறகைச் சிலிர்த்துப் பந்துபோல் ஒடுங்குதல், பகலிலும் கண்மூடி உறங்குதல், மூச்சுதோறும் வால் ஏறியிறங்குதல், கூண்டின் அடியில் வந்தமர்தல் ஆகிய குறிகள் தோன்றும்போது நோய் பெரும்பாலும் முதிர்ந்திருக்கும். தினையை ஓயாது கொத்திக்கொண்டிருந்தும் நெஞ்செலும்பு கத்தியின் விளிம்புபோற் புடைக்க மெலிவதும் உண்டு. இஃது இரைப்பையிற் பற்றும் ஒருவகை நுண்காளானாலும் ஆகலாம், வேறு பலவற்றாலும் ஆகலாம். ஒரு கால் முடமாயின் அது காலின் நோயாகாது, வயிற்றினுள்ளே சிறுநீரகத்தில் வளர்ந்த கட்டி நரம்பை அழுத்துதலாலும் நேரலாம். குருதியெடுத்து ஆராயலாமெனின், 35 கிராம் நிறையுள்ள பறவையின் உடம்பு முழுவதிலும் உள்ள குருதி ஏறக்குறைய 3 மில்லி லிட்டரே. அதிற் பத்தில் ஒரு கூறளவே எடுத்தல் கூடும். ஆகவே, வல்ல மருத்துவரும் 'காரணம் புலப்படவில்லை' என்று கூறும் நிலை இங்கு அரிதன்று.

இனி, வினைக்கொள்கையைத் தடையாகக் காட்டுவார் கூற்றை நோக்குவாம். 'அப்பறவை தன் பிராரத்தத்தை நுகர்கின்றது. நுகர்ந்தன்றி அது கழியாது. நோயை நீக்கப் புகுதல் இறைவன் ஊட்டுவதைத் தட்டிவிடுதலாம்' என்பர். வினைப்பயனை ஊட்டுவான் இறைவனே என்பது நமக்கும் உடன்பாடு. ஆயின், எதனை எவ்வளவு ஊட்டுகின்றான் என்பதை இவர் எவ்வாறு அறிந்தனர்? சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியர் இறைவனுக்கு மருத்துவனை உவமை கூறினார். வருத்துஞ் சிகிச்சையும் இனிய சிகிச்சையும் ஒரு மருத்துவன் செயலேயாதல்போல, துன்பமும் இன்பமும் இறைவன் வினை தீர்க்கும் வாயில்கள் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், பறவைக்கு வந்த நோயை இறைவன் செயலென்று கொள்வார், அதற்கு ஒருவன் அளித்த வெம்மையையும் நீரையும் இறைவன் செயலன்றென்று விலக்குதற்கு நியாயம் யாது? நோய் அவனது கத்தியாயின், நமது கை அவன் புகட்டும் பாலாக ஏன் இருத்தலாகாது?

திருவிளையாடற் புராணத்துப் பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த வரலாறு இதற்குச் சான்றாம். அக்குட்டிகள் பன்னிரண்டும் முற்பிறப்பிற் குருவை இகழ்ந்து பெற்ற சாபத்தால் அவ்வுடம்பெடுத்தன. பாண்டியன் வேட்டையில் தாயையும் இழந்தன. ஈண்டு வினை மறைவுடையதன்று; வெளிப்படையாகவே கூறப்பட்டது. எனினும், ஆலவாயண்ணல் 'தம் வினையைத் தாம் நுகர்க' என்று விடுத்தானல்லன். தாய்ப்பன்றியாய் வந்து பாலூட்டினான். வினை தெரிந்தவிடத்தே வினைமுதல்வன் செய்தது இதுவாயின், வினையும் தெரியாது நோயும் தெரியாது நிற்கும் நாம் கைகட்டியிருத்தற்கு வினைக்கொள்கையைத் துணைக்கழைத்தல் எவ்வாறு பொருந்தும்? மேலும், பறவையின் பிராரத்தத்தைப் பேசுவார் தம் ஆகாமியத்தை மறந்தாராவர். பறவைக்கு வந்தது அதன் பழவினையாகுக. அதனைக் கண்டவன் அப்பொழுது செய்வதும் செய்யாது விடுவதும் அவனது புதுவினையன்றோ?

'வீட்டிற்கு வரவிருந்த தீங்கை அப்பறவை தான் ஏற்றுக்கொண்டது' என்று கூறி ஆறுதல் அடைவாரும் உளர். இக்கூற்றுச் சித்தாந்தத்திற்கு இசையாது. ஒருவன் ஈட்டிய வினை மற்றோர் உயிரிற் சென்று பயனளிக்குமென்பது நம் நூல்களின் துணிபன்று. அன்றியும், வாய்பேசா உயிர் ஒன்று தமக்காகத் துன்புறுகின்றதென்று எண்ணி மகிழ்தல் அருளுடையார்க்கு அழகுமன்று.

இனி, 'காரணம் தெரியாதாயிற் செய்வது யாது?' என்பார்க்கு விடை கூறுவாம். மருந்து வேறு, பேணல் வேறு. மருந்து நோயை நோக்கியது. பேணல் நோயுற்ற உயிரை நோக்கியது. நோய் அறியப்படாதபோதும் நோயுற்ற உயிர் நம் கண்முன் உள்ளது. அதற்கு வேண்டுவன பலவும் ஐயமின்றித் தெரிவன. சிற்றுடம்பு விரைவில் வெம்மையை இழக்குமாதலின், கூண்டின் ஒரு புறத்தை 30 பாகை செல்சியசு அளவிற்கு வெதுவெதுப்பாக்கி, மறுபுறத்தைப் பறவை வேண்டியபோது ஒதுங்குமாறு விடுதல் வேண்டும். உட்காருங் கோலைத் தாழ்த்தி, உணவையும் நீரையும் அதன் அருகே வைத்தல் வேண்டும். பிற பறவைகளினின்றும் பிரித்தல், இரவில் இருளும் அமைதியும் தருதல், நாள்தோறும் காலையில் கிராம் காட்டும் தராசில் நிறுத்துக் குறித்தல், எச்சத்தின் நிறமும் அளவும் நோக்கல், சில கிளிநோய்கள் மக்களையும் பற்றுமாதலின் கையைக் கழுவுதல் ஆகிய இவற்றுள் ஒன்றற்கேனும் நோயின் பெயர் தெரிந்திருத்தல் வேண்டா. பறவைநோயிற் பயின்ற மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது காட்டுதலும், அவர்க்கு இக்குறிப்புக்களைத் தருதலும் இதன்பாற்படும்.

அறியாமை சிலவற்றைச் செய்யவொட்டாது விலக்கவும் செய்யும். மக்களுக்கென எழுந்த மாத்திரையிற் சிறிது கிள்ளிக் கரைத்தலும், அயலார் கூறிய மருந்தை நீரிற் கலந்து வைத்தலும் பேணலாகா. 35 கிராம் உடம்பில் அளவு சிறிது மிகினும் அது நஞ்சாம். நீரிற் கலந்ததோ, நோயுற்ற பறவை நீரைக் குறைத்தே பருகுமாயின் பயன்படாது. 'ஏதேனும் செய்தேன்' என்னும் நிறைவு செய்தவனுக்கே உரியது; பறவைக்கு அதனால் ஆவதொன்றில்லை.

மற்றொன்று நினைக்கற்பாலது. வானிற் பறப்பது தன் நிழலையும் நீரையும் தானே தேடும். கூண்டிலுள்ளதற்கு அவ்வுரிமையை நாமே நீக்கினோம். நோயின் காரணம் அக்கூண்டைச் சூழ்ந்தே இருத்தலுங் கூடும். 'நான்ஸ்டிக்' எனப்படும் பூச்சுடைய வாணலி அளவுகடந்து காய்ந்தால் எழும் ஆவி சிறு பறவைகளைச் சில நிமிடங்களிற் கொல்ல வல்லது. சாம்பிராணிப் புகையும் ஊதுவத்திப் புகையும் அவற்றின் மூச்சுக்கு ஆகா. தினை ஒன்றே உணவாயின் உயிர்ச்சத்து ஏ குறையும்; அயோடின் குறைந்தவிடத்துக் கழுத்திலுள்ள கோளம் வீங்கி மூச்சை நெருக்கும். இவற்றை ஆராயாமுன் 'வினை' என்று கூறுவார், அச்சொல்லைத் தம் சோம்பலுக்குத் திரையாக இடுகின்றனர். வினை என்பது ஆராய்ச்சியின் எல்லையிற் கூறுஞ் சொல். தொடக்கத்திற் கூறுஞ் சொல்லன்று.

பேணுங் கையை அப்பறவை அறிந்து நன்றி பாராட்டுமென்றும் எதிர்பார்த்தல் வேண்டா. தூக்கி நிறுக்குங்கால் அது விரலைக் கடிக்கும். கூண்டின் மூலையிற் சென்று ஒண்டும். ஆணவமலமென்னும் தொடக்கமில்லாத நோயையுடைய நாமும், நம்மைப் பற்றி நிற்கும் திருவருட்கையை இவ்வாறன்றோ கடித்து வருகின்றோம்? அதுபற்றி அக்கை நம்மை விட்டதின்று. இறைவன் நம் நோயை முற்றறிந்து பேணுகின்றான். நாம் பறவையின் நோயை அறியாது பேணுகின்றோம். அறிவில் இத்துணை வேறுபாடு உளதேனும், கைவிடாமை ஒன்றில் அவன்வழி நிற்றல் நமக்கு இயல்வதே.

இத்துணையும் செய்தபின் பறவை பிழைத்தலும் உண்டு. காரணம் கடைசிவரை தெரியாமலே உயிர்விடுதலும் உண்டு. பிழைத்தால் நம் திறமென்று செருக்குதலும், இறந்தால் செய்ததெல்லாம் வீணென்று வெறுத்தலும் ஒருநிகரான மயக்கங்களே. உடம்பு நிற்கும் எல்லை நம் வயத்ததன்று. அவ்வெல்லைவரை அவ்வுயிர் குளிரின்றியும் தாகமின்றியும் இருக்கச் செய்தல் நம் வயத்தது. அது தவறாமற் செய்யப்பட்டதாயின் கடன் முடிந்தது என்பதே எமது துணிபு.