நாவில் தொடங்கும் தவம்

தொலைவிலுள்ள ஊரிலிருந்து நோயாளி ஒருவன் வைத்தியரை நாடி வந்தான். வைத்தியர் மருந்து கொடுத்தார். ஆனால் உணவுப் பத்தியம் பற்றி அன்று எதுவும் கூறாமல், இன்னொரு நாள் வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார். அருகிலிருந்தவருக்கு வியப்பாக இருந்தது. அவ்வளவு தூரம் வந்தவனை மீண்டும் ஏன் அலையவைக்க வேண்டும்? வைத்தியர் காரணத்தைச் சொன்னார். அன்று அவரது அறையில் வெல்லப்பாகு ஜாடிகள் பல இருந்தன. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இனிப்பைத் தொடாதே என்று சொன்னால் நோயாளி எப்படி நம்புவான்? ஜாடிகளை அகற்றிய பிறகு சொல்லும் சொல்லுக்கே வலிமை உண்டு.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் துறவியின் ஒழுக்கத்தை விளக்க இக்கதையைக் கூறினார். துறவைப் போதிப்பவன் அகத்தில் மட்டுமல்ல, புறத்திலும் துறந்தவனாக இருக்க வேண்டும் என்பது குருதேவரின் கருத்து. எனினும் இல்லறத்தாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குழந்தையிடம் மிட்டாய் தின்னாதே என்று சொல்லும் தந்தையின் கையிலுள்ள தேநீரில் எத்தனை கரண்டிச் சர்க்கரை இருக்கிறது?

தேனின் காலம்

இந்த ஜாடிகளே இல்லாத ஒரு வாழ்க்கையை அந்தமான் தீவுகளின் தொல்குடியினரிடம் காணலாம். 1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், 1922இல் வெளியிட்ட நூலில் அழகான ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். அம்மக்கள் ஆண்டின் பருவங்களை, ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும் மணமலர்களைக் கொண்டு குறித்தனர். அம்மலர்களிலிருந்தே தேனீக்கள் தேன் திரட்டின. இனிப்புக்கென்று ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்திற்கு ஒரு மணமும் இருந்தது.

சிறிய அந்தமான் தீவில் வாழும் ஓங்கே மக்கள் தேன் எடுக்கும் முறையும் அறியத்தக்கது. காட்டுச் செடி ஒன்றின் இலைகளை மென்று, அதன் சாற்றை உடலில் பூசிக்கொள்வார்கள். மரமேறி, தேனடையின்மீதும் அதை உமிழ்வார்கள். தேனீக்கள் விலகிச் செல்லும். தேடி அலைந்து, உயர்ந்த மரத்தில் ஏறி, கொட்டுக்கு அஞ்சாமல் பெற்ற இனிப்பு அது. உழைப்பு முன்னே வந்தது, சுவை பின்னே வந்தது.

பின்னர் கப்பல்கள் வந்தன. நிகோபார் மக்கள் தேங்காய்க் கொப்பரையைக் கொடுத்து அரிசியும் துணியும் சர்க்கரையும் வாங்கினார்கள். தாழை இனத்துக் கனியும் கிழங்கும் தேங்காயும் மீனும் உணவாக இருந்த இல்லங்களில் மூட்டைச் சர்க்கரை இடம்பிடித்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை எண்ணற்ற தென்னைகளை அழித்தது. அதன்பின் நிவாரணப் பொருள்களை நம்பி வாழும் நிலை பலருக்கு ஏற்பட்டது. துன்பப்பட்டவர்களுக்கு அந்த உதவி தேவைதான். ஆனால் மரமேறாமல், பருவத்திற்குக் காத்திராமல், எல்லா நாளும் இனிப்பு கிடைக்கும் வாழ்க்கை மனித உடலுக்குப் புதியது.

இது தொல்குடியினரின் கதை மட்டுமன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியமர்த்தப்பட்டனர். தலைநகரான போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அங்குள்ள வெற்றிமலை முருகன் கோவிலில் பங்குனி உத்திரம் சிறப்பாக நடைபெறுகிறது. சென்னையிலிருந்து ஆயிரம் கி.மீ.க்கும் மேற்பட்ட கடலைக் கடந்தும் அவர்கள் தமிழ் வழிபாட்டை மறக்கவில்லை. தமிழ்நாட்டுத் தேநீர்ப் பழக்கத்தையும் மறக்கவில்லை.

ஒரு சிறு கணக்கு

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 4 கிராம். குவளைக்கு இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு நான்கு முறை தேநீர் அருந்துபவர் 32 கிராம் உட்கொள்கிறார். ஓராண்டில் அது ஏறத்தாழ 12 கிலோ. பலகாரமும் பிஸ்கட்டும் குளிர்பானமும் இக்கணக்கில் சேரவில்லை. சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலுள்ள இனிப்பு அன்றாட ஆற்றலில் பத்து சதவீதத்திற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், ஐந்து சதவீதத்திற்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023இல் தெரிவித்தது. பரம்பரை, உடற்பருமன், உழைப்பின்மை எனக் காரணங்கள் பல. சர்க்கரை மட்டுமே காரணமன்று. ஆனால் மனிதன் தன் கையாலேயே குறைத்துக்கொள்ளக்கூடியது அது.

தீவில் வாழ்பவருக்கு இதன் பொருள் இன்னும் ஆழமானது. நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவருக்குச் சிறு புண்ணும் பெரிதாகலாம். பெருநிகோபாரின் கேம்ப்பெல் பே, தலைநகரிலிருந்து 500 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. உயர் சிகிச்சைக்குக் கடல் கடந்தாக வேண்டும். மழைக்காலக் கடல் நோயாளியின் அவசரத்தை அறியாது.

கல்கண்டு இனிப்பில் சேராதா?

நா தன் விருப்பத்திற்கு நியாயம் தேடுவதில் வல்லது. வெல்லம் இயற்கையானது, தேன் மருந்து, பிரசாதத்தில் தோஷமில்லை என்றெல்லாம் அது வாதாடும். கல்கண்டு இனிப்பில் சேராது என்று குருதேவரே கூறியிருக்கிறார் என்பவர்களும் உண்டு. இறைவனை அடையும் ஆசை மற்ற ஆசைகளைப் போல் பந்தப்படுத்துவதில்லை என்பதை விளக்கவே குருதேவர் அக்காலத்து வழக்கை உவமையாக எடுத்தாண்டார். உவமையைப் பத்தியச் சீட்டாக ஆக்கிக்கொள்வது அறிவுடைமை ஆகாது. வெல்லத்தின் பெரும்பகுதியும் சர்க்கரையே. உடல் இரண்டையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஏற்கிறது.

பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. விரல்நுனி அளவு சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றி உண்டாலும் அருள் குறைவதில்லை. தொன்னை நிறையக் கேட்பது பக்தியா, நாவா என்பதை அவரவர் விவேகமே சொல்லும்.

சுவாமிஜியின் சங்கல்பம்

சுவாமி விவேகானந்தரை நீரிழிவு நோய் வாட்டியது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல். சுவாமிஜி மகாசமாதி அடைந்ததோ 1902இல், தமது 39ஆம் வயதில். இறுதிக் காலத்தில் ஆயுர்வேத வைத்தியரின் சொற்படி அவர் நீரும் உப்பும் விலக்கிப் பாலையே உணவாகக் கொண்டார். வழக்கமாக அடிக்கடி நீர் அருந்துபவர் அவர். இது எப்படி முடிகிறது என்று சீடர் சரத்சந்திரர் கேட்டார். நீர் பருகுவதில்லை என்று ஒருமுறை உறுதிகொண்டபின், வாய் கொப்புளிக்கும்போதும் தொண்டை தானாகவே மூடிக்கொள்கிறது, ஒரு துளியும் உள்ளே இறங்குவதில்லை என்ற பொருளில் சுவாமிஜி விடையளித்தார். அந்தச் சிகிச்சை இன்று பின்பற்றத்தக்கதன்று. பின்பற்றத்தக்கது அந்தச் சங்கல்பம். உடல் மனத்தின் பணியாள் என்பதை நோயுற்ற உடலிலும் அவர் காட்டினார்.

மற்றப் புலன்களை வென்றவனும் நாவை வெல்லும்வரை புலன்களை வென்றவன் ஆகான் என்பது ஸ்ரீமத் பாகவதத்தில் அவதூதர் கூறும் கருத்து. முதலில் அமுதமாகவும் முடிவில் நஞ்சாகவும் ஆவது ராஜச இன்பம். முதலில் கசந்து முடிவில் அமுதமாவது சாத்விக இன்பம் என்று கீதை பதினெட்டாம் அத்தியாயத்தில் பகுத்துக் காட்டுகிறது. சர்க்கரை குறைந்த முதல் வாரத் தேநீர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

ஆகவே சாதகன் படிப்படியாகத் தொடங்கலாம். இரண்டு கரண்டியை ஒன்றரையாகவும் பிறகு ஒன்றாகவும் குறைக்கலாம். சில வாரங்களில் நா பழகிவிடும். பாலின் இயல்பான இனிமை அப்போது புலப்படும். பழச்சாற்றுக்குப் பதில் பழமும், குளிர்பானத்துக்குப் பதில் நீரோ மோரோ போதும். பண்டிகை இனிப்பைப் பண்டிகைக்கே விட்டுவைக்கலாம். விருந்தினருக்கு இனிப்பை வற்புறுத்துவது உபசாரம் என்ற எண்ணத்தையும் விடலாம். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயங்குபவருக்கு அதே சர்க்கரைதான் மருந்து. இங்கே சொல்லப்படுவது வெறுப்பு அன்று, அளவு.

வைத்தியர் முதலில் ஜாடிகளைத் தம் அறையிலிருந்து அகற்றினார். வீட்டுப் பெரியவர்களும் அவ்வாறே முதலில் தங்கள் குவளையைத் திருத்திக்கொள்ளட்டும். குழந்தைகள் சொல்லாமலேயே கற்றுக்கொள்வார்கள். உடல் இறைவன் உறையும் ஆலயம். அதை நோயின்றிக் காத்து, அவனது நாமத்தின் இனிமையில் நாவைத் திளைக்கச் செய்யும் வலிமையைக் குருதேவர் அனைவருக்கும் அருள்வாராக!