கேட்கப்படாத தாய்

தோணிரேவுக்கு நான் போனது பனையோலைப் பெட்டி வாங்குவதற்காக. பழவேற்காட்டு ஏரியின் காற்று வாங்கினால் மனசு லேசாகும் என்ற சுயநலமும் இருந்தது. 2017 பிப்ரவரி மாதம் அது. தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்து, 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை தமிழகமெங்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓலை முடைந்துகொண்டிருந்த ஒரு பெண், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் மை வைத்த நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “இந்த மருந்த கலைச்ச புள்ளையில இருந்து எடுக்கறாங்கன்னு போன்ல வந்திச்சே சார், நெசமா?”

“சுத்த வதந்தி அம்மா!” என்றேன். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் மறுபடி ஓலையில் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியபோதுதான், நான் சொன்னதில் பாதி பொய் என்று தெரிந்தது.

அம்மைக் கிருமி தானாக வளராது. உயிருள்ள அணுக்களில்தான் பெருகும். ஒரு காலத்தில் குரங்கின் சிறுநீரகத்தில் தடுப்பு மருந்துகளை வளர்த்தார்கள். அதில் குரங்கின் கிருமி ஒன்று ஒளிந்திருப்பது 1960-இல் தெரியவந்தது. சுத்தமான மனித அணுக்களைத் தேடினார் பிலடெல்பியாவில் லெனார்ட் ஹேஃப்ளிக். 1962-இல் ஸ்வீடன் தேசத்தில் ஒரு பெண், அந்நாட்டுச் சட்டப்படி கருவைக் கலைத்துக்கொண்டாள். ஏற்கெனவே பிள்ளைகளைப் பெற்றவள் அவள். மருந்துக்காகச் செய்த காரியமல்ல அது, எப்படியும் நடந்திருக்கும். அந்தச் சிசுவின் நுரையீரல் கடல் கடந்து போயிற்று. அதிலிருந்து பெருகிய அணுக்களை உறைய வைத்துச் சேமித்தார்கள். அந்தச் சேமிப்பிலிருந்தே எடுத்து எடுத்துப் பெருக்கினார்கள். மருந்து செய்யச் செய்யப் புதுச் சிசு வேண்டியதில்லை. லண்டனில் 1966-இல் இன்னொரு சிசுவிலிருந்து இன்னொரு அணு வம்சம் உண்டாயிற்று. புனேயில் தயாராகி நம் பிள்ளைகளுக்கு வருகிற மருந்தின் கிருமியும் இப்படிப்பட்ட மனித அணுக்களில் வளர்ந்ததுதான். கிருமியைப் பிரித்துச் சுத்திகரித்தே புட்டியில் அடைக்கிறார்கள். சிசுவின் அங்கம் எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டது அங்கத்தைப் பற்றியா?

ருபெல்லா பிள்ளைகளை லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடும். கர்ப்பிணியைத் தொட்டால், பிறக்கிற குழந்தைக்குக் கண்ணில் புரை, காது செவிடு, இருதயத்தில் கோளாறு. 1964-65-இல் அமெரிக்காவில் மட்டும் 20,000 குழந்தைகள் இப்படிப் பிறந்தன. நோய் கண்ட தாய்மார் பலர் அஞ்சிக் கருவைக் கலைத்தார்கள். அப்படிக் கலைத்த ஒரு கருவிலிருந்தே ஸ்டான்லி பிளாட்கின் அந்தக் கிருமியைப் பிரித்து, ஸ்வீடன் சிசுவின் அணுக்களில் வளர்த்துச் சாந்தப்படுத்தினார். கருச்சிதைவிலிருந்து வந்த மருந்து, அதே நோயால் நேரும் கருச்சிதைவுகளைத் தடுக்கிறது! இந்த முடிச்சை எந்தத் தர்ம சாஸ்திரத்தைக் கொண்டு அவிழ்ப்பது? பழவேற்காட்டு மகிமை மாதா கோயிலுக்குப் போகிறவர்களின் திருச்சபை கருக்கலைப்பைப் பாவம் என்கிறது. அந்தச் சபையே 2020 டிசம்பரில், வேறு மருந்து கிடைக்காதபோது இத்தகைய அணுக்களைக் கொண்டு செய்த கொரோனா ஊசியைப் போட்டுக்கொள்ளலாம், அதனால் கருக்கலைப்பை ஒப்புக்கொண்டதாகாது என்று அறிவித்தது.

அடுத்த முறை போனபோது இத்தனையும் சொன்னேன். பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பொம்பளகிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?” என்றாள்.

கேட்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரியவந்ததே பல வருஷங்களுக்குப் பிறகுதான்.

இத்தனை படித்தும், மருந்து பாவமா புண்ணியமா என்றே நான் துழாவிக்கொண்டிருந்தேன். அந்தத் தாய் என் கண்ணிலேயே படவில்லை. படாததற்குக் காரணமும் உண்டு. ரயிலில் அழுத ஒருத்தியை, பக்கத்து வீட்டு விதவையை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் நாவல்களில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நல்ல கதைக்காகத்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல மருந்துக்காகத்தானே என்று அவர்களும் நினைத்திருப்பார்கள். கேளாமல் எடுத்தார்கள் என்பதற்காக ஒரு குழந்தையைக் குருடாகப் பிறக்க விடுவதா? ஒருபோதும் சம்மதியேன். ஆனால் குழந்தைகள் பிழைத்தன என்பதற்காக, அவளைக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா?

“கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டாளா?” என்றாள் அவள். என்னிடம் பதில் இல்லை.

மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன்.

“ஒம்பது மாசம் வர்ற வாரம் முடியுது சார். போட்டுடுவேன்” என்று சொல்லிவிட்டு, அறுந்த ஓலையை உருவிப் போட்டாள்.